தரங்கம்பாடியின் முதல் பள்ளிக்கூடம் எது?

வாசகர் கேள்வி, 2024 ஜனவரி 7

எங்கள் பள்ளியின் ஆண்டு மலருக்காக ஊரின் கல்வி வரலாற்றை இரண்டு பக்கங்களில் எழுதும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. "தரங்கம்பாடியில் கல்வி 1707ஆம் ஆண்டு சீகன்பால்கு பள்ளி தொடங்கியதோடு பிறந்தது, அதற்கு முன் இங்கே பள்ளிக்கூடமே இல்லை" என்று தொடங்க நினைக்கிறேன். இது சரிதானா?

2024 ஜனவரி 7, இரவு

சரியன்று. முதல் பாதியில் உண்மை இருக்கிறது. இரண்டாம் பாதியை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

ஜெர்மானிய மதப் போதகர்களான சீகன்பால்குவும் அவருடன் வந்த புளுட்சோவும் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பி, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். டேனியக் கோட்டை எழும்பி அப்போதே எண்பத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. அடுத்த ஆண்டே அவர்கள் பள்ளி தொடங்கினார்கள் என்பது மெய். ஆனால் அந்த இடைப்பட்ட மாதங்களில் சீகன்பால்கு தமிழை எங்கே கற்றார்? இந்த ஊரில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்துக்கொண்டிருந்த முதிய வாத்தியார் ஒருவரைத் தம் வீட்டிலேயே வந்து பள்ளி நடத்தும்படி கேட்டுக்கொண்டு, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகினார். தம் பள்ளியைத் தொடங்குவதற்கு முன் அவர் நம் ஊர்ப் பள்ளியின் மாணவர். அந்தப் பள்ளியை இல்லை என்று எழுதினால், அவருக்கு எழுத்தறிவித்தவரையும் இல்லை என்று எழுதியதாகிவிடும்.

2024 ஜனவரி 9

அந்த வாத்தியார் என்ன கற்பித்திருப்பார் என்று இழையில் ஒருவர் கேட்டிருக்கிறார். இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். திண்ணைப் பள்ளிக்கூடம் என்றதும் கட்டடம் இல்லாத குறைப்பள்ளி என்ற எண்ணம் இன்று பலருக்கு வந்துவிடுகிறது. அங்கே ஒரு முறையான பாடத்திட்டம் இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

பிள்ளையை முதன்முதலில் பள்ளியில் வைக்கும்போது நெல்லிலோ மணலிலோ "அரிநமோத்து சிந்தம்" எழுதவைத்து அட்சராப்பியாசம் செய்வார்கள். கை படியும் வரை மணல். கை படிந்த பிறகு ஓலையும் எழுத்தாணியும். வாசிக்க ஆத்திசூடி, கொன்றை வேந்தன், உலகநீதி, மூதுரை என்று வரிசை இருந்தது. கணக்குக்கு எண்சுவடி. மா, காணி, மாகாணி என்று தொடங்கி முந்திரி வரையில், அதாவது முந்நூற்றிருபதில் ஒரு பங்கு வரையில், பிள்ளைகள் கூட்டமாக ராகம் போட்டு முறை சொல்லி மனப்பாடம் செய்தார்கள். நெல் அளக்கவும், குத்தகை கணக்கிடவும், உப்பும் கருவாடும் விற்கவும் அந்தக் கணக்கு போதுமானதாக இருந்தது. மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சிறியவர்களுக்குப் பாடம் சொல்வான். அமாவாசையும் பௌர்ணமியும் வாவு விடுமுறை. வாத்தியாருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. காசு, நெல், பருத்தி, காய்கறி என்று வீட்டுக்கு வீடு வேறுபட்டு வந்து சேரும்.

இவையெல்லாம் தரங்கம்பாடி வாத்தியாருக்கும் பொருந்துமா என்று கேட்டால், ஒரு திடமான சான்று இருக்கிறது. சீகன்பால்கு 1708இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்த தமிழ் நூல்கள் நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகியவை. பெரும் புலவர்களின் காப்பியங்களை அவர் முதலில் கையில் எடுக்கவில்லை; நம் திண்ணைகளில் பிள்ளைகள் ஓதிய சுவடிகளைத்தான் எடுத்தார். தாம் சேர்த்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளுக்குக் குறிப்புகளோடு அட்டவணையும் அதே ஆண்டில் எழுதினார்.

2024 ஜனவரி 10

மணல் பற்றி ஒரு சேர்க்கை. சென்னை எழும்பூரில் 1789 முதல் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான காப்பகப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையை அங்கேயே நடத்திப் பார்த்து, தாய்நாடு திரும்பி 1797இல் அறிக்கையாக அச்சிட்டார். அது "மதராஸ் முறை" என்ற பெயரில் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குச் சென்றது. நம் சட்டாம்பிள்ளைக்கும் மணலுக்கும் அவ்வளவு நெடிய பயணம் வாய்த்திருக்கிறது என்பதை ஆண்டு மலரில் ஒரு வரியாவது சொல்லுங்கள்.

2024 ஜனவரி 14

நேற்று ஒரு வாசகர் எழுதிய கேள்வி என்னை இரவெல்லாம் விழிக்க வைத்தது. "அந்தத் திண்ணை யாருடைய வீட்டுத் திண்ணை? அதில் யார் ஏறி உட்காரலாம்?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

ஒன்பதாம் தேதிக் குறிப்பை மறுபடி வாசித்தேன். "பிள்ளைகள்" என்றே எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். எந்தப் பிள்ளைகள் என்று எழுதவில்லை. அது பெரிய குறை, திருத்திக்கொள்கிறேன்.

என் தந்தையார் 1928இல் பொறையாற்றுக்கு மேற்கேயுள்ள ஒரு கிராமத்தில் பிறந்தார். ஐந்து வயதில் அவரைத் திண்ணைப் பள்ளியில் வைத்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் திண்ணைப் பள்ளிகள் மறையத் தொடங்கியிருந்தன என்றாலும், எங்கள் கிராமத்தில் ஒன்று மிஞ்சியிருந்தது. அவர் எழுதிய ஓலைகளில் நான்கு இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. ஒன்றில் கயிறு கோக்கும் துளை பிய்ந்து எழுத்தோடு சேர்ந்து போயிருக்கிறது. அந்தப் பள்ளியைப் பற்றி அவர் எப்போதும் மகிழ்ச்சியோடுதான் பேசுவார், ஒரு செய்தியைத் தவிர. எங்கள் வீட்டுப் பண்ணையாளின் மகனுக்கும் அவருக்கும் ஒரே வயது. காலையில் இருவரும் சேர்ந்துதான் வீட்டிலிருந்து புறப்படுவார்களாம். தந்தையார் திண்ணையில் ஏறிக்கொள்வார். அந்தப் பையன் மாடுகளை ஓட்டிக்கொண்டு எதிரிலிருந்த தூங்குமூஞ்சி மரத்தடிக்குப் போய்விடுவான். திண்ணையில் முறை சொல்வது மரத்தடிக்குக் கேட்கும். சில மாதங்கள் கழித்து, களத்தில் நெல் அளக்கும்போது தந்தையார் மாகாணி வாய்பாட்டில் தடுமாறி நிற்க, அந்தப் பையன் மறு வரியை எடுத்துச் சொன்னானாம். களத்தில் நின்ற பெரியவர்கள் அவனை அதட்டினார்கள். "எனக்கு வந்த கோபத்தை விட வந்த வெட்கம் அதிகம்" என்று தந்தையார் எழுபது வயதிலும் சொன்னார். அந்தப் பையன் கடைசி வரை எழுத்து அறியாமலே இறந்தார்.

பெண்களின் நிலையும் அதுவே. கோயிலுக்கு விடப்பட்ட பெண்களைத் தவிர மற்றப் பெண்களுக்கு எழுத்து சொல்லித் தரும் வழக்கம் இங்கே இல்லை என்பதைச் சீகன்பால்குவும் கவனித்திருக்கிறார். என் பாட்டியார் கைநாட்டு. ஆகவே, திண்ணைப் பள்ளி இருந்தது என்று நான் முதல் நாள் எழுதியது சரி. அதை ஊர் முழுவதற்குமான பள்ளி போல எழுதியது தவறு.

2024 ஜனவரி 15

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் 1707தான் உண்மையான தொடக்கம் என்று ஒப்புக்கொள்கிறீர்கள்" என்று முதலில் கேள்வி கேட்ட நண்பர் எழுதியிருக்கிறார். பாதி ஒப்புக்கொள்கிறேன். 1707இல் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் போர்த்துகீசிய மொழி பேசிய பிள்ளைகளுக்கும் தனித்தனியே பள்ளிகள் அமைந்தன, சோறும் துணியும் கொடுத்துப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள், பெண்பிள்ளைகளையும் சேர்த்தார்கள். இந்தக் கடைசிச் செய்தி ஒன்றுக்காகவே அந்த ஆண்டு நம் ஊர் வரலாற்றில் பெரிய எழுத்தில் நிற்க வேண்டும்.

ஆயினும் அங்கேயும் சாதி வாசலில் நின்றுவிடவில்லை. தேவாலயத்துக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாக அமர்ந்தார்கள். அந்த வழக்கம் பல தலைமுறைகள் நீடித்தது. மிஷன் பள்ளியின் கதவு திண்ணையைவிட அகலமாக இருந்தது. முழுக்கத் திறந்திருந்தது என்று மட்டும் எழுதாதீர்கள்.

2024 ஜனவரி 21

இப்போது கட்டடங்களுக்கு வருகிறேன். அந்த முதல் பள்ளியின் சுவர்களைப் பார்க்க முடியுமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

தரங்கம்பாடியில் கடலை விட்டுவிட்டு எந்தக் கட்டடத்தைப் பற்றியும் பேச முடியாது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலை கொண்டுபோனதை நாம் அனைவரும் கண்ணால் கண்டிருக்கிறோம். சீகன்பால்கு 1707இல் கட்டிய முதல் எருசலேம் ஆலயமும் கடலோடு போயிற்று. இன்று ராஜ வீதியில் நிற்பது 1718இல் படைக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயம். அதற்கு அடுத்த ஆண்டு பிப்ரவரியில் காலமான சீகன்பால்குவின் உடல் அதற்குள்தான் அடக்கம் செய்யப்பட்டது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் தேக்கு உத்தரமும் கட்டைக்குத்துத் தளமுமாக எழும்பிய வீடுகள்தாம் ராஜ வீதியின் அடையாளம். டேனியர் போன பிறகு அப்படிப்பட்ட வீடுகள் சில பள்ளிக்கூடங்களாயின. வியாபாரி குடியிருந்த கூடத்தில் கரும்பலகை மாட்டி வகுப்பு நடக்கும் அழகை வேறு ஊர்களில் நான் அதிகம் கண்டதில்லை.

பள்ளி வரலாற்றில் அச்சுக்கூடத்தையும் சேர்க்க வேண்டும். இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரமும், ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து 1713இல் தமிழ் எழுத்துகளும் வந்தன. வந்த எழுத்துகள் பெரியவை, காகிதத்தை விழுங்கின. எனவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பொறையாற்றில் காகித ஆலையும் வைத்துப் பார்த்தார்கள். ஓலையில் ஒருவர் எழுதி ஒருவர் படித்த காலம் போய், ஒரே பாடம் பல கைகளில் ஒரே நேரத்தில் இருக்கும் நிலை இந்த ஊரில் அப்போது பிறந்தது. 1716இல் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கவும் ஒரு பள்ளி வந்தது.

ஒரு நூற்றாண்டு தள்ளிப் பார்த்தால் மிஷன் போதகர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் வருகிறார். 1771 முதல் 1813இல் இறக்கும் வரை இங்கேயே இருந்தவர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இளமையில் இவரிடம் தரங்கம்பாடியில் கற்றவரே. தம் கடைசி ஆண்டுகளில் ஜான் ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஏறத்தாழ இருபது இலவசப் பள்ளிகளை நிறுவினார். என்னைப் பொறுத்தவரை நம் வட்டாரக் கல்வி வரலாற்றில் 1707க்கு அடுத்த பெரிய திருப்பம் இதுதான். பிள்ளையைக் கோட்டை மதிலுக்குள் வரவழைத்த பள்ளி, பிள்ளையின் கிராமத்தைத் தேடிப் போயிற்று.

2024 ஜனவரி 22

ஒரு வாசகர் மன்றோவின் கணக்கெடுப்பில் தரங்கம்பாடி எங்கே என்று தேடிக் களைத்துப் போனதாக எழுதியிருக்கிறார். கிடைக்காது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கட்டளையிட்டு எடுத்த கணக்கில் சென்னை மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருந்ததாக 1826இல் எழுதினார். ஆனால் அது கும்பெனியின் மாவட்ட ஆட்சியர்கள் தந்த கணக்கு. நம் ஊர் 1808 முதல் 1815 வரை ஆங்கிலேயர் பிடியில் இருந்து, பிறகு டேனியரிடமே திரும்பிவிட்டது. 1845இல்தான் விலைக்கு விற்றார்கள். வங்கத்தில் டேனியரிடம் இருந்த செராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய். ஆகையால் சுற்றுப்புறக் கிராமங்களின் திண்ணைகள் தஞ்சாவூர்க் கணக்கில் ஏறியிருக்க, எல்லைக்குள் இருந்த நம் திண்ணைகள் ஏறவில்லை.

2024 ஜனவரி 28

1845க்குப் பிறகு துறைமுக வாணிபம் நாகப்பட்டினத்துக்குப் போய்விட்டது, ஊர் சிறுத்தது. பள்ளிகள் மட்டும் நிலைத்தன. ஒரு ஊர் தன் வியாபாரத்தை இழந்தும் பள்ளிகளை இழக்காமல் இருந்தது நம் பாக்கியம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை முதலில் முன்சீப்பாக அமர்ந்த ஊரும் இதுதான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பெண்கல்வியை வலியுறுத்தி அவர் நூல் வெளியிட்டது 1869இல். அவருடைய எண்ணத்துக்கு இந்த ஊரில் பார்த்த பெண்பிள்ளைகளின் பள்ளிகள் எவ்வளவு உரமிட்டன என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

1926இல் மாயவரத்திலிருந்து ரயில் வந்தது. என் தந்தையார் திண்ணையை விட்ட பிறகு உயர்நிலைப் பள்ளிக்குப் பொறையாற்றில் ரயிலேறி மாயவரம் போய் வந்தார். திருக்கடையூர், ஆக்கூர், செம்பனார்கோயில் என்று ஒவ்வொரு நிலையத்திலும் பையன்கள் ஏறுவார்களாம். வீட்டுப் பாடத்தைச் செய்து முடிக்க வண்டியே இடம். அதே ஆண்டுகளில் ஆதிதிராவிடர் குடியிருப்புகளை ஒட்டி அரசின் தொழிலாளர் துறை நடத்திய பள்ளிகள் வந்தன. ஊரில் அவற்றை "லேபர் ஸ்கூல்" என்றே சொல்வார்கள். மரத்தடியில் நின்று மாகாணி கேட்ட அந்தப் பையனின் மகன் லேபர் ஸ்கூலில் படித்துப் பிற்காலத்தில் தபால்காரரானார். அவர் கொண்டுவந்து கொடுத்த கடிதங்களை நான் வாங்கியிருக்கிறேன்.

நான் 1963இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது கீற்றுக் கொட்டகைப் பள்ளி. இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள், மண் தரை. வெள்ளிக்கிழமைகளில் தரையைச் சாணம் போட்டு மெழுகுவதும், ஊமத்தை இலையையும் அடுப்புக் கரியையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவதும் எங்கள் வேலை. மதியத்துக்குக் கோதுமை ரவை உப்புமா. அந்த வாசனை எழுந்ததும் மூன்றாம் வகுப்பின் கணக்கு நின்றுவிடும். கீற்று முடைந்து கொடுப்பது ஊர்க்காரர்களின் முறை. எந்தத் தெரு எத்தனை கட்டுக் கீற்று என்று ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார்கள். கொட்டகையைப் பற்றி இரக்கத்தோடு பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: அந்தப் பள்ளியின் ஒவ்வொரு கீற்றையும் முடைந்தவர் யார் என்பது எங்களுக்குத் தெரியும். 1977 நவம்பர் 12 புயல் அந்தக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனபோது, மறுநாள் ஊரே வயலில் இறங்கிக் கழிகளைப் பொறுக்கியது.

2024 பிப்ரவரி 3

மேலுள்ள குறிப்பின் கடைசி வரிகளை அழித்துவிடலாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன். அழிக்கவில்லை. ஆனால் அவற்றோடு இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளி ஒன்றின் சமையற்கூடத்தில் பற்றிய தீ, கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகள் இறந்தார்கள். நான் அப்போது ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியர். அன்று மாலை பிள்ளைகளை அனுப்பிவிட்டு எங்கள் பள்ளியின் கீற்றுச் சார்ப்பின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்தேன். அதற்கு நேர் கீழே ஒன்றாம் வகுப்பு. நான்கு அடி தள்ளிச் சத்துணவு அடுப்பு. எட்டு ஆண்டுகளாக அதே இடத்தில் அடுப்பு எரிந்தது. எட்டு ஆண்டுகளாக நான் அதைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். கீற்றுக் கூரைகளை அகற்ற அரசாணை வருவதற்கு முன்பே ஊர்க்காரர்கள் வந்து சார்ப்பைப் பிரித்துப் போட்டார்கள். முடைந்த அதே கைகள். ஓடு வரும் வரை புங்க மரத்தடியில் வகுப்பு நடத்தினோம்.

கீற்றின் மேல் எனக்கிருந்த பாசம் போகவில்லை. ஆனால் பிள்ளைகளின் தலைக்கு மேல் அது இருக்கலாகாது. பழைய பள்ளிக்கூடங்களைப் பற்றி எழுதும் நம்மைப் போன்றவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

அதே ஆண்டு டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. பள்ளிகளில் பிள்ளைகள் இல்லை. அலை வந்து போன பின், மேட்டில் இருந்த பள்ளிக்கூடங்களில்தான் மீனவக் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்கின. எங்கள் பள்ளியில் தங்கிய ஒரு தாய், தம் மகனின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் அதன் முன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

2024 பிப்ரவரி 10

முதல் கேள்வி கேட்ட நண்பர், மலர் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது, ஒரு பத்தியாகக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். இப்படிப் போடலாம்:

"1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, இவ்வூரில் முன்பே பள்ளி நடத்திவந்த முதிய தமிழ் ஆசிரியரிடம் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். 1707இல் அவர் தொடங்கிய பள்ளிகளில், அதுவரை திண்ணையில் இடம் பெறாத பெண்பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் சேர்ந்தனர். பின்னர் ஜான் காலத்தில் கிராமங்களுக்கும், தொழிலாளர் துறைப் பள்ளிகள் வழியாக ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புகளுக்கும் கல்வி சென்றது."

இடம் போதவில்லை என்றால் சீகன்பால்குவின் ஆண்டுகளில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். முதிய ஆசிரியரை எடுத்துவிடாதீர்கள். அவருடைய மகன் கணபதி வாத்தியார் பின்னாளில் மிஷனிலேயே ஆசிரியராகவும் புலவராகவும் இருந்தார் என்பதையும் சேர்க்க முடிந்தால் நல்லது. என் தந்தையாரின் ஓலை ஒன்றைப் படம் எடுத்து அனுப்புகிறேன். துளை பிய்ந்த ஓலையையே போடுங்கள், அதில்தான் மாகாணி வாய்பாடு இருக்கிறது.